கட்டுப்பாட்டு நாய்

ஊசி உள்ளே போனதே தெரியவில்லை கிரவலுக்கு.
தெரிந்தால்தானே வைத்தியம் தேவையில்லை என்றேன்.
டொக்டர் ஷெறின் ஒக்கர்ஸ் சிரிக்கவில்லை.
"வாத்தியார், தலையைப் பிடியுங்கோ" என்றா.

கூழாவடியில் ஹாட்வெயார் கடைக்குப் பின்னால்
பெயின்ற் மணக்கும் ஒற்றை அறை.
மேசையில் ரப்பர் விரிப்பு. அதன் மேல்
மணல் டிப்பர் தட்டிய என் நாய்,
முன்பாதி நாயாகவும்
பின்பாதி ஈரச் சாக்காகவும்.

முதுகெலும்பு முடிந்து இடுப்புத் தொடங்கும் பள்ளத்தில்
ஒரு ஊசி.
சீனத்தில் அந்த இடத்துக்கு
நூறு சந்திப்பு என்று பெயராம்.
அரசடியில் நாலு றோட்டுக் கூடுவதற்கே
நமக்குப் பொலிஸ்காரன் வேண்டிக்கிடக்கிறது.
நூறாம்.

நான் உயர்தரத்துக்கு உயிரியல் படிப்பிக்கிறவன்.
நரம்புக்குப் பெயர் பிழைத்தால் புள்ளியை வெட்டுகிறவன்.
இந்த ஊசிகள் போகும் பாதை
நான் வரைந்த எந்தப் படத்திலும் இல்லை.
சொன்னேன்.
"ஓம், எனக்கும் முழுசா விளங்காது" என்றா,
இரண்டு ஊசியில் வயர் கிளிப்பைக் கொழுவியபடி.
ஒன்பது வோல்ற் பற்றரி.
தொடை லேசாகத் துடித்தது.
செத்த தவளைக்கும்தான் துடிக்கும்;
அதை வைத்து நம்ப
நான் என்ன ஒன்பதாம் வகுப்பா?

ஆனாலும் கிரவல் நித்திரை.
ஆறு இரவு பல்லைக் கடித்துக் கிடந்தது
இப்போது குறட்டை விட்டது.
வாயோர எச்சில் என் முழங்கையில் ஊறியது.
நான் அசையவில்லை.

மருந்துத் தூள் ஒரு சரை.
என்ன இதுக்குள் என்றதற்கு வாசித்தா:
ஏதோ வேர், ஏதோ பட்டை, பிறகு
முசுக்கட்டை மரத்துப் புல்லுருவி.
புல்லுருவி!
பதினேழு வருடமாய்ப் பலகையில் எழுதுகிறேன்,
அரை ஒட்டுண்ணி, விருந்துவழங்கியிடம் நீரை உறிஞ்சும் என்று.
உறிஞ்சியதை ஒரு நாயின் இடுப்புக்குத் தரும் என்று
எழுதியதில்லை.
கீரி மீன் அவித்த தண்ணீரில் குழைத்தேன்.
யாரும் பார்க்காத நேரம்
நானும் நாக்கில் வைத்துப் பார்த்தேன். கசப்பு.

வரைபுத்தாள் எடுத்தேன்.
கிடை அச்சில் நாள், நிலை அச்சில் வால்.
வாலுக்கு அலகு இல்லை; பூச்சியம், ஒன்று, இரண்டு.
ஒன்பதாம் நாள் பூச்சியம்.
பதினோராம் நாளும் பூச்சியம்.
அரை என்றாள் சுகிர்தமலர்.
அரை எல்லாம் இல்லை என்று
சோறு ஆறும் வரைக்கும் சண்டை.
பத்தொன்பதாம் நாள், விடிய ஐந்தே முக்கால்,
பால்காரனின் சைக்கிள் மணிக்கு
கிரவல் எழும்பி நின்றது,
தன் பின்னங்கால்களை
வேறொரு நாயுடையவை போலத்
திரும்பிப் பார்த்துக்கொண்டு.

ஊசியா, தூளா,
முதல் கிழமை கொடுத்த ஸ்டீரொயிட் குளிசையா,
சும்மா கிடந்தாலே எழும்பியிருக்குமா?
மாதிரி எண்ணிக்கை ஒன்று. கட்டுப்பாடு இல்லை.
மாணவன் கொண்டுவந்திருந்தால்
சிவப்புப் பேனையால் குறுக்கே கீறியிருப்பேன்.

பிறகுதான் ஞாபகம் வந்தது.
அதே கிழமை, அதே டிப்பரோ என்னவோ,
நாவற்குடாப் பெற்றோல் செட்டடியில்
இன்னொரு நாய். கறுப்பு. யாருடையதும் இல்லை.
வடிகானோரம் காலை இழுத்துக்கொண்டு போனது.
என் மடியில் கிரவல்.
ஓட்டோவை நிறுத்தச் சொல்லவில்லை.

போய் விசாரித்தேன்.
செத்துப்போச்சு, மாநகரசபை லொறி வந்தது என்றான்
பெற்றோல் அடிக்கிற பொடியன்.
எதிர்த் தேத்தண்ணிக் கடைக்காரர்,
"எந்த நாய் மனே? கறுப்பா?
அது நேற்றும் வந்து ரோல்ஸ் திண்டுட்டுப் போச்சே."
நடந்தா வந்தது?
"பின்ன, பறந்தா?"

தாளில் இரண்டாவது கோட்டுக்கு
இடம் விட்டிருக்கிறேன்.
வியாழன் தோறும் ஊசிக்குப் போகிறோம்.
"தோளை இளக்குங்கோ வாத்தியார்,
நீங்க இறுக்கினா அதுவும் இறுக்கும்" என்கிறா டொக்டர்.
திரும்பும் வழியில் செட்டடியில் ஓட்டோவை நிறுத்தி
வடிகானை எட்டிப் பார்க்கிறேன்,
கையில் ஒரு ரோல்ஸ்.